நடைபாதைக் குவியலில் தேட வேண்டிய பெயர்: ராஸ் மெக்டொனால்ட்

திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதையில் பழைய ஆங்கில நாவல்களைப் புரட்டும்போது 'மெக்டொனால்ட்' என்ற பெயர் கண்ணில் பட்டால், அதன் நடுவில் வரும் ஆங்கில 'டி' எழுத்தைப் பாருங்கள். பெரிய எழுத்தாக இருந்தால் அவர் ஜான் டி. மெக்டொனால்ட். தலைப்பில் ஏதாவது ஒரு நிறத்தின் பெயரும் இருந்தால், ஃப்ளோரிடாவில் படகிலேயே குடியிருக்கும் டிராவிஸ் மெக்கீயின் கதை. அவரும் நல்ல எழுத்தாளர்தான், ஆனால் ஆள் வேறு. 'டி' சின்ன எழுத்தாக இருந்து, முன்னால் 'ராஸ்' என்றும் இருந்தால், மற்ற புத்தகங்களைப் பார்ப்பதற்கு முன்பே அதை எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குழப்பம் ஆரம்பத்திலிருந்தே உண்டு. அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியரான ராஸ் மெக்டொனால்டின் நிஜப் பெயர் கென்னத் மில்லர். 1915இல் கலிஃபோர்னியாவில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். முதல் நான்கு நாவல்களைச் சொந்தப் பெயரில்தான் எழுதினார். அதற்குள் மனைவி மார்கரெட் மில்லர் மர்ம நாவலில் பெயர் வாங்கியிருந்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மில்லர் வேண்டாமென்று, 1949இல் வந்த 'தி மூவிங் டார்கெட்' நாவலுக்கு அப்பாவின் பெயரிலிருந்து எடுத்து ஜான் மெக்டொனால்ட் என்று போட்டுக்கொண்டார். ஜான் டி. தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. அடுத்த நாவலில் ஜான் ராஸ் மெக்டொனால்ட் ஆனார். 1956இல் 'தி பார்பரஸ் கோஸ்ட்' வந்தபோதுதான் 'ஜான்' கழன்று வெறும் ராஸ் மெக்டொனால்ட் நின்றது. ஆகவே 1950களின் முதல் பாதியில் அச்சான பேப்பர்பேக் அகப்பட்டால் அட்டையில் பெயர் மூன்று சொல்லாக இருக்கும். அதுவும் இவர்தான்.

லூ ஆர்ச்சர் என்ற தனியார் துப்பறிவாளரை வைத்து 1949க்கும் 1976க்கும் இடையில் இவர் எழுதியவை 18 நாவல்கள். அமெரிக்காவில் துப்பறியும் நாவல் என்றால் ஹாமெட், சாண்ட்லர், மெக்டொனால்ட் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். சென்னையில் அப்படி இல்லை. வாடகை நூலக அலமாரியிலும் நடைபாதையிலும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸ், பெர்ரி மேசன், அலிஸ்டர் மக்லீன், பிறகு சிட்னி ஷெல்டன் என்று ஒரு வரிசை கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. ராஸ் மெக்டொனால்ட் அதன் இடுக்கில் காணாமல் போனார். இது நமக்குப் பெரிய நஷ்டம். ஏனென்றால் அந்த வரிசையில் இருக்கும் அத்தனை பேரையும்விட இவருடைய கதைதான் நம் வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

சேஸ் கதையில் பணம், பெண், துப்பாக்கி, ஓட்டம். சாண்ட்லர் கதையில் ஊரே அழுகிக் கிடக்கும், நாயகன் மட்டும் நிமிர்ந்து நடப்பான். மெக்டொனால்ட் கதையில் குற்றம் வீட்டுக்குள் நடக்கிறது. சொத்து, உயில், ஓடிப்போன பிள்ளை, பெயரை மாற்றிக்கொண்டு வேறு ஊரில் குடித்தனம் நடத்தும் மனிதர், இருபது வருஷமாக வாயைத் திறக்காத ஒரு பாட்டி. தாத்தா செய்த தப்புக்குப் பேரன் தலையில் அடி விழும். ஊழ்வினை என்ற சொல்லுக்கு நமக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை; ஆர்ச்சர் நாவல்களின் முதுகெலும்பே அதுதான். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை அடி முதல் நுனி வரை கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நாவல்கள் முதல் அத்தியாயத்திலேயே பிடிபட்டுவிடும்.

ஆர்ச்சரும் அதற்கேற்ற ஆள். லாங் பீச் போலீஸ் வேலையை விட்டு வந்தவர், மனைவி விவாகரத்து வாங்கிப் போய்விட்டார், அதற்கு மேல் அவரைப் பற்றி அதிகம் தெரியாது. ஆரம்ப நாவல்களில் அடிதடி உண்டு. நடுவிலிருந்து அது தேய்ந்து, அவருடைய ஆயுதம் காது மட்டும் என்றாகிவிடுகிறது. ஒரு வீட்டுக்குப் போவார், உட்காருவார், ஒரு கேள்வி கேட்பார், எதிரில் இருப்பவர் பேச ஆரம்பிப்பார். பேசுகிறவர் எந்த இடத்தில் சட்டென்று நிறுத்துகிறார் என்பதில்தான் துப்பு இருக்கும். 1968இல் 'நைலான் கயிறு' தொடரில் அறிமுகமான சுஜாதாவின் கணேஷைப் படித்தவர்களுக்கு, பேச்சிலேயே கதை நகர்கிற இந்த வேகம் புதிதாக இருக்காது.

எதில் தொடங்குவது என்பதுதான் இவர் விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி. பலரும் தப்பு செய்யும் இடமும் இதுவே. முதல் ஆர்ச்சர் நாவலான 'தி மூவிங் டார்கெட்'டில் தொடங்காதீர்கள். 1966இல் பால் நியூமன் நடித்து 'ஹார்ப்பர்' என்று படமானதால் (படத்தில் ஆர்ச்சரின் பெயரையே ஹார்ப்பர் என்று மாற்றிவிட்டார்கள்) அந்தத் தலைப்பு பிரபலம். ஆனால் அது சாண்ட்லரின் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுதிய புத்தகம். வரிக்கு வரி உவமை, ஒவ்வொரு பாத்திரமும் சாமர்த்தியமாகப் பதில் சொல்லும். அதைப் படித்துவிட்டு 'இன்னொரு சாண்ட்லர்' என்று மூடி வைத்தவர்கள் உண்டு. உண்மையான மெக்டொனால்ட் பிறப்பது பத்து வருஷம் கழித்துத்தான்.

அந்தத் திருப்பத்துக்குக் காரணம் அவர் வீட்டிலேயே நடந்தது. 1956இல் அவருடைய மகள் ஓட்டிய கார் மோதி ஒரு சிறுவன் இறந்துபோனான். வழக்கு நடந்தது. குடும்பம் தன் ஊரான சான்டா பார்பராவை விட்டுச் சில காலம் வெளியூரில் இருந்தது. மெக்டொனால்ட் மனநல சிகிச்சைக்குப் போனார். அவருடைய அப்பாவோ, அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போனவர்; உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்த பிள்ளை இவர். சிகிச்சைக்குப் பிறகு வந்த 'தி டூம்ஸ்டர்ஸ்' (1958), 'தி கால்ட்டன் கேஸ்' (1959) இரண்டிலும் கொலைகாரன் யார் என்ற கேள்வி பின்னால் போய், இந்தக் குடும்பம் எந்த நாளில் உடைந்தது என்ற கேள்வி முன்னால் வருகிறது. அதன் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே தொடங்க வேண்டியது 'தி கால்ட்டன் கேஸ்'. பணக்காரக் கிழவி ஒருத்தி, இருபது வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன தன் மகனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறாள். மகன் கவிதை எழுதியவன், வேறு பெயரில் வாழ்ந்தவன். தேடிப் போன இடத்தில் தலையில்லாத ஓர் எலும்புக்கூடு. கூடவே, 'நான்தான் அவருடைய மகன்' என்று சொல்லும் ஓர் இளைஞன். இவன் நிஜப் பேரனா, சொத்துக்காகத் தயார் செய்து அனுப்பப்பட்டவனா? நாவல் முழுக்க இந்த ஒரு கேள்வி தராசு முள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கிறது. அந்த இளைஞனின் பழைய வாழ்க்கையைத் தேடிக் கதை கனடாவுக்குப் போகும்போது எழுத்தின் சுருதியே மாறுகிறது. தன் சொந்தச் சிறுவயதின் வறுமையை மெக்டொனால்ட் அந்தப் பையனுக்குக் கொடுத்திருக்கிறார். அந்த ஓரிரு அத்தியாயங்களை நிதானமாகப் படியுங்கள். 'எனக்கு நல்ல வீட்டுப் பெயர் ஒன்று வேண்டும்' என்ற ஏக்கம் ஒரு துப்பறியும் நாவலில் இவ்வளவு சத்தியமாக வந்து பார்த்ததில்லை.

இரண்டாவது, 'தி ஸீப்ரா ஸ்ட்ரைப்ட் ஹெர்ஸ்' (1962). மகள் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் ஓவியன் யார், என்ன என்று விசாரிக்கச் சொல்லி ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் ஆர்ச்சரிடம் வருகிறார். வரன் விசாரிக்கும் வேலைதான். கதை மெக்ஸிகோ வரை போய்த் திரும்புகிறது. தலைப்பில் இருக்கும் வரிக்குதிரைக் கோடு போட்ட சவ ஊர்தி, அலைச்சறுக்கு விளையாடும் இளசுகள் ஓட்டித் திரியும் வண்டி. அவர்கள் கடற்கரையில் கண்டெடுத்த ஒரு கம்பளிக் கோட்டும், அதில் காணாமல்போன தோல் பொத்தானும் கதையின் அச்சாணி. ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் கயிறு திரிக்க முடியுமா என்று தோன்றும். கடைசியில் ஒரு நூல்கூட மிச்சமில்லாமல் கட்டி முடித்திருப்பார்.

மூன்றாவது, 'தி சில்' (1964). 18 நாவல்களில் கட்டுமானம் என்று பார்த்தால் இதுதான் உச்சம். தேனிலவின்போது காணாமல்போன மனைவியைத் தேடித் தரச் சொல்லி ஒரு பையன் வருகிறான். அவள் சீக்கிரமே கிடைத்துவிடுகிறாள். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இப்போது ஒரு கொலை, பத்து வருஷத்துக்கு முன் ஒன்று, அதற்கும் முன் ஒன்று. மூன்றுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். விடை கடைசிப் பக்கத்தில், கிட்டத்தட்ட கடைசி வரியில் இருக்கிறது. இதை யாராவது உங்களுக்குச் சொல்லிவிட்டால் புத்தகத்தின் பாதி மதிப்பு போச்சு. பின்னட்டையை, முன்னுரையை, இணையத்தில் இருக்கும் கதைச்சுருக்கத்தை எதையுமே படிக்காமல் நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். பழைய பிரதி வாங்குவதானால் கடையில் நின்றபடியே கடைசித் தாள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், படிக்காதீர்கள். பேப்பர்பேக்கில் முதலில் உதிர்வது பின்னட்டையும் கடைசித் தாளும்தான். 'தி சில்' நாவலுக்குக் கடைசித் தாள் இல்லை என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

நான்காவதாக 'தி ஃபார் ஸைட் ஆஃப் தி டாலர்' (1965). பிரிட்டனின் கிரைம் ரைட்டர்ஸ் அசோசியேஷன் தங்கக் கத்தி விருது கொடுத்தது இதற்குத்தான். அதற்கு முந்தைய வருஷம் 'தி சில்' வெள்ளிக் கத்தி வாங்கியிருந்தது. சீர்திருத்தப் பள்ளியிலிருந்து ஓடிப்போன பையனின் கதை. பிறகு 'பிளாக் மணி' (1966), 'தி குட்பை லுக்' (1969). இதற்குள் உங்களுக்கே ருசி தெரிந்துவிடும்.

1971இல் வந்த 'தி அண்டர்கிரவுண்ட் மேன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெரிய இலக்கிய எழுத்தாளர்களில் ஒருவரான யுடோரா வெல்ட்டி இதற்கு நியூயார்க் டைம்ஸ் புத்தக மதிப்புரைப் பகுதியின் முதல் பக்கத்தில் எழுதினார். அதே வருஷம் நியூஸ்வீக் அட்டையில் மெக்டொனால்டின் படம் வந்தது. நாவல் ஆரம்பிக்கும் விதத்தைப் பாருங்கள். காலையில் ஆர்ச்சர் தன் குடியிருப்புக்கு வெளியே நீலப் பறவைகளுக்கு வேர்க்கடலை வீசிக்கொண்டிருக்கிறார். ஒரு சின்னப் பையன் வந்து சேர்ந்துகொள்கிறான். சண்டையில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் பின்னாலேயே வருகிறார்கள். இரண்டு மூன்று பக்கத்துக்குள் அந்தக் குடும்பம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது, அந்தப் பையனுக்கு ஏதோ ஆகப்போகிறது என்ற பயமும் வந்துவிடுகிறது. பிறகு மலையில் காட்டுத்தீ. ஊரை நோக்கி நெருப்பு இறங்க இறங்க, புதைத்து வைத்த ரகசியமும் மேலே வருகிறது.

'ஸ்லீப்பிங் பியூட்டி' (1973) சென்னைவாசிக்கு வேறு விதமாக உறைக்கும். கடலில் எண்ணெய் கொட்டியிருக்கிறது. கரையில் எண்ணெய் அப்பிய ஒரு பறவையைக் கையில் ஏந்தி நிற்கிறாள் ஒரு பெண். எண்ணெய் கசிந்த கிணற்றுக்குச் சொந்தக்காரக் குடும்பத்துப் பெண் அவள். இதற்கு விதை 1969 ஜனவரி 28 அன்று சான்டா பார்பரா கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்த விபத்து. மெக்டொனால்ட் அதை எதிர்த்த போராட்டத்தில் கலந்துகொண்டவர். நம் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியதும் அதே ஜனவரி 28, 2017இல். வாளியில் எண்ணெய்ச் சேற்றை அள்ளிய கைகளைப் படத்தில் பார்த்த ஊர் இது. கருத்த அலை, மூக்கில் ஏறும் நாற்றம், யார் பொறுப்பு என்று சொல்லாமல் நழுவும் பெரிய மனிதர்கள், எல்லாம் இந்த நாவலில் இருக்கிறது. கதை முடிச்சு கொஞ்சம் தளர்வுதான், அதற்காகத் தள்ளிவிட வேண்டாம்.

ஆரம்ப நாவல்களில் 'தி வே ஸம் பீப்பிள் டை' (1951) ஒன்றைத் தயங்காமல் படிக்கலாம். முரட்டு நாவல் என்ற வகையில் அது முழுசாக வெந்திருக்கிறது. 'ஃபைண்ட் எ விக்டிம்', 'தி மூவிங் டார்கெட்' இரண்டையும் மற்றவை தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசி நாவலான 'தி ப்ளூ ஹாமர்' (1976) கடைசியாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு மறதி நோய் வந்து அவர் நாவல் எழுதவில்லை, 1983இல் காலமானார்.

இந்த நாவல்களில் வாசகர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 250 பக்கம் சொச்சம் வரும் புத்தகத்தில் நூறு பக்கம் தாண்டும்போது பாத்திரங்களின் பெயர்கள் சிக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று குடும்பம், ஒவ்வொன்றிலும் மூன்று தலைமுறை, கல்யாணத்தால் மாறிய குடும்பப் பெயர்கள், அதற்கு மேல் பொய்ப் பெயர்கள். அங்கேதான் பலர் விடுகிறார்கள். இதற்குச் சுலபமான வழி, போஸ்ட்கார்டு அளவு அட்டை ஒன்றைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துக்கொள்வது. புதிதாக யார் வந்தாலும் பெயர், வயது, எந்த ஊர் என்று மூன்றையும் எழுதுங்கள். மெக்டொனால்ட் வயதைச் சொல்லாமல் யாரையும் உள்ளே விடுவது அரிது, அதைச் சும்மா சொல்வதும் கிடையாது. 'பதினைந்து வருஷத்துக்கு முன்னால்' என்று யாராவது சொன்னால் உடனே கழித்து வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்பக்கம் வம்சாவளி மாதிரி கோடு போட்டுப் பாட்டி, அப்பா, பிள்ளை என்று இணையுங்கள். பாதிப் புத்தகத்தில் அட்டையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: குறிப்பிட்ட ஒரு வருஷத்துக்கு முன்னால் இவரைத் தெரியும் என்று சொல்ல ஆளே இல்லாத பாத்திரம் எது? அங்கே பென்சிலால் ஒரு சுழி போட்டு வையுங்கள். விடை எப்போதும் அதுவாக இருக்காது, ஆனால் ஆசிரியர் எங்கே தோண்டுகிறார் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, நடுவில் ஒரு வாரம் இடைவெளி விட்டால் நூல் அறுந்துவிடும். மூன்று நாலு உட்காரலில் முடிக்க வேண்டிய புத்தகம் இது. பயணத்தில் எடுத்துப்போவதானால் போகவும் வரவும் சேர்த்து ஒரே புத்தகம்.

குறையும் சொல்ல வேண்டும். ஒரே கதையை இவர் திரும்பத் திரும்ப எழுதினார் என்ற குற்றச்சாட்டு உண்மை. காணாமல்போன அப்பா, மாற்றிய பெயர், புதைத்த உடல், பழைய பாவம். தொடர்ந்து நாலு புத்தகம் படித்தால் ஐந்தாவதில் பாதி வழியிலேயே மோப்பம் பிடித்துவிடுவீர்கள். நடுவில் வேறு ஆசிரியர் ஒருவரைப் படித்து இடைவெளி விடுவது நல்லது. தற்செயல் ஒற்றுமைகளும் சில இடத்தில் அதிகம். கலிஃபோர்னியா அவ்வளவு சின்ன ஊரா என்று கேட்கத் தோன்றும். 1950களின் நாவல்களில் பெண்களைப் பார்க்கும் பார்வை அந்தக் காலத்தது. பிற்கால நாவல்களில் வரும் ஹிப்பி இளைஞர்களின் பேச்சு இப்போது பழசாகிவிட்டது. இவ்வளவும் இருந்தும், கெட்டவன் என்று ஒருவனை ஒதுக்கித் தள்ளாமல் அவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கிற இரக்கம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வற்றுவதில்லை.

இனி பதிப்புகள். புதிதாக வாங்குவதானால் 'விண்டேஜ் கிரைம்/பிளாக் லிஸர்ட்' பேப்பர்பேக்தான் பொதுவான தேர்வு. எழுத்து அளவு கண்ணுக்கு இதம், ஓரம் தாராளம். பெங்குவின் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையிலும் சில தலைப்புகள் வந்திருக்கின்றன. ஒரே தடவையில் நிரந்தரமாக வாங்கி வைக்க நினைப்பவர்களுக்கு லைப்ரரி ஆஃப் அமெரிக்காவின் மூன்று தொகுதிகள்: 2015, 2016, 2017இல் வந்தவை, முறையே நான்கு, மூன்று, நான்கு என்று 11 நாவல்கள். நூலால் தைத்த கெட்டி அட்டை, அமிலமில்லாத மெல்லிய தாள். விலை கூடுதல்தான், ஆனால் சென்னையின் ஈரக்காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் பதிப்பு இது ஒன்றே. மேலே படிக்கச் சொன்ன முதல் நான்கு நாவல்களும் முதல் இரண்டு தொகுதிக்குள் அடங்கிவிடும்.

நடைபாதையில் அதிகம் எதிர்பார்க்கக்கூடியவை 1960, 70களின் பிரிட்டிஷ் ஃபொன்டானா பதிப்புகளும் அமெரிக்க பான்டம் பதிப்புகளும். இங்கே பணத்தை இரண்டு தடவை செலவழிக்க வைக்கும் பொறி ஒன்று இருக்கிறது: ஒரே நாவல் இரண்டு பெயரில். 'தி ஐவரி க்ரின்' நாவலே 'மார்க்ட் ஃபார் மர்டர்' என்றும் பேப்பர்பேக்காக வந்தது. 'மீட் மீ அட் தி மோர்க்' பிரிட்டனில் 'எக்ஸ்பீரியன்ஸ் வித் ஈவில்'. சொந்தப் பெயரில் எழுதிய 'தி டார்க் டனல்' பின்னால் 'ஐ டை ஸ்லோலி' ஆனது, 'ட்ரபிள் ஃபாலோஸ் மீ' 'நைட் ட்ரெய்ன்' ஆனது. காப்புரிமைப் பக்கத்தைத் திருப்பி, முதலில் வந்த வருஷத்தையும் பழைய தலைப்பையும் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். 'ஆர்ச்சர் இன் ஹாலிவுட்', 'ஆர்ச்சர் அட் லார்ஜ்', 'ஆர்ச்சர் இன் ஜெபர்டி' என்ற மூன்றும் தலைக்கு மூன்று நாவல் அடங்கிய தொகுப்புகள். இரண்டாவதில் 'தி கால்ட்டன் கேஸ்', 'தி சில்', 'பிளாக் மணி' மூன்றும் இருக்கின்றன. கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம்.

தேடுவதற்குப் பைகிராஃப்ட்ஸ் ரோடு ஞாயிற்றுக்கிழமை, லஸ் முனை, 1985 மே 30 தீக்குப் பிறகு மூர் மார்க்கெட்டிலிருந்து அல்லிக்குளம் பக்கம் மாறிய பழைய புத்தகக் கடைகள், ஜனவரி புத்தகக் காட்சி நடக்கும்போது வாசலில் விரியும் நடைபாதைக் கடைகள். கடைக்காரர்கள் ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்குவதில்லை, அளவு பார்த்து அடுக்குவார்கள். ஆகவே சேஸ், பெர்ரி மேசன் இருக்கும் குட்டைப் புத்தகக் குவியலில்தான் தேட வேண்டும். முதுகு வெளுத்துப் பெயர் மறைந்த பிரதிகளை விடாமல் உருவிப் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற இடங்களில் பட்டியலில் தேடினால், மெக்டொனால்ட் என்று ஒரு முறையும் மில்லர் என்று ஒரு முறையும் தேடுங்கள்.

பழைய பிரதியைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது, புத்தகத்தை முழுக்க விரிக்காமல் பாதி மட்டும் திறந்து முதுகுப் பசையைப் பார்ப்பது. இந்தப் பேப்பர்பேக்குகளில் தையல் கிடையாது. தாள்களை வெட்டிப் பசை மட்டும் தடவியிருப்பார்கள். ஐம்பது வருஷத்தில் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். அகல விரித்தால் 'டப்' என்று முதுகு உடைந்து நடுத்தாள்கள் கொத்தாகக் கையில் வரும். தாளின் ஒரு மூலையை மெதுவாக மடித்துப் பாருங்கள். மடிந்தால் படிக்கலாம், முறிந்தால் அலங்காரத்துக்குத்தான் ஆகும். மரக்கூழ்த் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும்தான் பழுப்புக்கும் முறிவுக்கும் காரணம், அதை வீட்டில் சரி செய்ய வழியில்லை. பழைய வாடகை நூலகப் பிரதிகளில் வேறு ஒரு சங்கடம். உழைக்கட்டும் என்று அட்டை கொடுத்து ஓரத்தில் துளையிட்டுத் தடித்த நூலால் தைத்திருப்பார்கள். கெட்டியாக இருக்கும், ஆனால் உள் ஓரத்தில் வரியின் முதல் ஓரிரு எழுத்துகள் தையலுக்குள் போயிருக்கும். நடுப்பக்கம் ஒன்றைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்குப் பழைய பசை என்றால் விருந்து. காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். எடுத்தபின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க வெளியே விட்டுவிடுங்கள். உடனே பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வேர்த்து, பூஞ்சை பிடிக்கும். உதிர்ந்த தாளுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. சில வருஷத்தில் அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் ஊறிவிடும். சின்ன தூரிகையால் ஃபெவிகாலை தாளின் முதுகு விளிம்பில் இழையாகத் தடவி, இடத்தில் பொருத்தி, இருபக்கமும் மெழுகுத் தாள் வைத்து, மேலே ஒரு செங்கல்லை ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பசை அதிகமானால் பக்கத்துத் தாளும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே கஞ்சத்தனமாகவே தடவுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வாரம் ஒரு முறை கதவைத் திறந்து மின்விசிறிக் காற்று படவிடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், தாள் இன்னும் சீக்கிரம் முறியும்.

தேடும்போது இன்னொரு பெயரையும் கண்ணில் வைத்திருங்கள். அதே குட்டைப் புத்தகக் குவியலில் மார்கரெட் மில்லர் இருக்கக்கூடும். ஆம், இவருடைய மனைவிதான். 1955இல் வந்த அவருடைய 'பீஸ்ட் இன் வியூ' அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருது வாங்கியது. 'தி சில்' முடித்த கையோடு அதை எடுத்தால், ஒரே வீட்டில் இரண்டு மேஜைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரியும். அதற்கும் கடைசித் தாளைச் சரிபார்த்து வாங்குங்கள்.